அமெரிக்கப் பள்ளிகளில் பரிணாமக் கோட்பாடும் படைப்புக் கருத்தும்: டோவர் வழக்கின் பாடவேறுபாட்டுச் சான்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப்பள்ளிகளில் உயிர்களின் தோற்றம் குறித்து எதனைக் கற்பிப்பது என்னும் விவாதம் நூறாண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது. 1925ஆம் ஆண்டின் ஸ்கோப்ஸ் வழக்கு முதல் 2005ஆம் ஆண்டின் டோவர் வழக்கு வரை படைப்புக் கருத்து மூன்று வெவ்வேறு வடிவங்களில் வகுப்பறைக்குள் நுழைய முயன்றது. அம்முயற்சிகளையும் அவற்றின்மீதான தீர்ப்புகளையும் இக்கட்டுரை நிரல்பட விளக்குகின்றது. டோவர் வழக்கில் ஒரு பாடநூலின் வரைவுகளை ஒப்பிட்டுப் பெற்ற பாடவேறுபாட்டுச் சான்று, ‘எது அறிவியல்’ என்னும் மெய்யியல் வாதத்தைவிட உறுதியான அடிப்படையாக நின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

திறவுச் சொற்கள்

பரிணாமக் கோட்பாடு, படைப்பு அறிவியல், அறிவார்ந்த வடிவமைப்பு, ஸ்கோப்ஸ் வழக்கு, டோவர் வழக்கு, பாடவேறுபாடு, கலைத்திட்டம்

முன்னுரை

சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அறிஞர் அவைகளில் அந்நூல் எழுப்பிய விவாதம் ஒரு தலைமுறைக் காலத்தில் பெருமளவு அடங்கியது. பள்ளிக்கூடத்தில் எழுந்த விவாதமோ அடங்கவில்லை. அறிஞர் அவையில் சான்றுகள் முடிவு செய்யும். பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பதைச் சான்றுகளோடு சட்டமன்றம், நிருவாகக் குழு, பெற்றோர், வரி செலுத்துவோர் ஆகிய பலரும் முடிவு செய்கின்றனர். ஆகவே, இவ்விவாதத்தை அறிவியலுக்கும் சமயத்திற்கும் இடையிலான மோதல் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஒரு துறையின் அறிவை மாணவருக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருக்கு உரியது என்னும் வினாவே இதன் அடித்தளமாக உள்ளது.

கலைச்சொல் குறித்த விளக்கம் ஒன்று இங்குத் தேவைப்படுகின்றது. தமிழில் ‘பரிணாமக் கொள்கை’, ‘படைப்புக் கொள்கை’ என இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும் மரபு உண்டு. ‘கொள்கை’ என்பது ஒருவர் தம் விருப்பால் மேற்கொள்வது என்னும் பொருளையும் தருவதால், இவ்வழக்கு இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றது. ‘கோட்பாடு’ என்பதும் ‘கொள்’ என்னும் வேரிலிருந்தே பிறப்பினும், இன்றைய ஆய்வுத்தமிழில் அது சான்றுகளால் தாங்கப்பெற்ற விளக்க முறைமையைக் குறிக்கின்றது. எனவே இக்கட்டுரையில் முன்னது ‘பரிணாமக் கோட்பாடு’ என்றும் பின்னது ‘படைப்புக் கருத்து’ என்றும் வழங்கப்பெறுகின்றன.

தடைச்சட்டங்களின் காலம்

டென்னசி மாநிலச் சட்டமன்றம் 1925ஆம் ஆண்டில் பட்லர் சட்டத்தை இயற்றியது. மாநில நிதியில் இயங்கும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கினத்திலிருந்து வந்தவன் எனக் கற்பிப்பதை அச்சட்டம் குற்றமாக்கியது. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் இச்சட்டத்தை நீதிமன்றத்தில் சோதிக்க விரும்பியது. டேட்டன் நகரின் இளம் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் அதற்கு உடன்பட்டார். அவ்வாண்டு சூலை 10 முதல் 21 வரை நடைபெற்ற விசாரணையில் அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டேரோவும் வாதிட்டனர். அறிவியல் வல்லுநர்கள் நடுவர் குழுவின்முன் சாட்சியம் அளிக்க அனுமதிக்கப்படவில்லை. ஸ்கோப்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அவருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று கூறியது. எனினும், 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை நடுவர் குழுவே விதிக்க வேண்டும் என்னும் நடைமுறைக் காரணத்தைக் காட்டித் தண்டனையை நீக்கியது. அதனால் வழக்கை மேலே கொண்டு செல்லும் வழி அடைபட்டது. பட்லர் சட்டம் 1967 வரை நடைமுறையில் இருந்தது.

இவ்வழக்கில் பிரையனின் நிலைப்பாடு பெரும்பாலும் எளிமைப்படுத்தியே கூறப்படுகின்றது. அவருடைய வாதம் இரண்டு கூறுகளைக் கொண்டது. பள்ளிக்குப் பணம் தரும் மக்களே பாடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது முதலாவது. வலியது வாழும் என்னும் சிந்தனை சமூக வாழ்வில் எளியோரை நசுக்கும் என்பது இரண்டாவது. பின்னதை அடிப்படையற்ற அச்சம் என ஒதுக்கிவிட இயலாது. ஸ்கோப்ஸ் வழக்கிற்கு உரிய பாடநூலான ஜார்ஜ் வில்லியம் ஹன்டரின் உயிரியல் நூல் மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தியது. இனமேம்பாட்டுக் கருத்தையும் ஆதரித்தது. ஆனால், இதற்குரிய தீர்வு பாடநூலின் பிழையான சமூக முடிபுகளை நீக்குவதே. உயிரியலின் அடிப்படையையே நீக்குவது அன்று. பிரையன் நோயைச் சரியாகக் கண்டு மருந்தைத் தவறாகத் தேர்ந்தார் எனலாம்.

டென்னசியைத் தொடர்ந்து மிசிசிப்பி 1926இலும் ஆர்கன்சா 1928இலும் தடைச்சட்டங்களைக் கொண்டுவந்தன. ஆர்கன்சாவின் சட்டம் மக்கள் வாக்கெடுப்பால் நிறைவேறியதாகும். சட்டம் இல்லாத மாநிலங்களிலும் பாடநூல் வெளியீட்டாளர் பலர் பரிணாமப் பகுதிகளைச் சுருக்கினர். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய பின்னரே இந்நிலை மாறியது. அறிவியல் கல்வியில் தாம் பின்தங்கிவிட்டதாக அஞ்சிய அமெரிக்கா, கூட்டாட்சி நிதியில் புதிய உயிரியல் பாடநூல்களை உருவாக்கியது. அவற்றில் பரிணாமம் மைய இடம் பெற்றது.

லிட்டில் ராக் நகரின் உயிரியல் ஆசிரியர் சூசன் எப்பர்சன் இம்மாற்றத்தால் ஓர் இரட்டை நெருக்கடிக்கு உள்ளானார். பள்ளி அளித்த புதிய பாடநூலில் பரிணாம இயல் இருந்தது. அதனைக் கற்பித்தால் மாநிலச் சட்டப்படி குற்றம். அவர் தொடுத்த வழக்கில் 1968ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆர்கன்சாவின் தடைச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஒரு சமயப் பிரிவின் நம்பிக்கைக்கு முரணானது என்பதற்காகவே அறிவின் ஒரு பகுதியை விலக்குவது, அரசு சமயத்தை நிறுவலாகாது என்னும் முதலாம் அரசியலமைப்புத் திருத்தத்திற்கு எதிரானது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

‘சமவாய்ப்பு’ என்னும் இரண்டாம் வடிவம்

பரிணாமத்தை விலக்க இயலாதபோது, அதற்கு இணையாகப் படைப்பையும் கற்பிக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. அதற்குப் படைப்புக் கருத்து அறிவியலின் தோற்றத்தைப் பெற வேண்டியிருந்தது. ஜான் விட்காமும் ஹென்றி மாரிசும் 1961இல் எழுதிய ‘ஆதியாகமப் பெருவெள்ளம்’ என்னும் நூல், பூமியின் பாறை அடுக்குகளை நோவா காலத்து வெள்ளத்தால் விளக்க முற்பட்டது. இம்மரபே பின்னர்ப் ‘படைப்பு அறிவியல்’ எனப் பெயர் பெற்றது.

1981இல் ஆர்கன்சாவும் லூசியானாவும் படைப்பு அறிவியலுக்குச் சமவாய்ப்பு அளிக்கும் சட்டங்களை இயற்றின. ஆர்கன்சாச் சட்டத்தை எதிர்த்த மக்லீன் வழக்கில் வாதிகளாக நின்றோருள் மெதடிஸ்டு, எபிஸ்கோப்பல், ரோமன் கத்தோலிக்கம் உள்ளிட்ட திருச்சபைகளின் ஆயர்களும் போதகர்களும் இருந்தனர். வழக்கிற்குப் பெயர் தந்த மக்லீனே ஒரு மெதடிஸ்டுப் போதகர். எனவே, இதனை இறைநம்பிக்கை உடையோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான வழக்கு எனக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

1982ஆம் ஆண்டு சனவரி 5 அன்று நீதிபதி வில்லியம் ஓவர்டன் அளித்த தீர்ப்பு, அறிவியலுக்கு ஐந்து இயல்புகளை வகுத்தது. இயற்கை விதியால் வழிநடத்தப்படுதல், இயற்கை விதியைக் கொண்டு விளக்குதல், புலனறி உலகில் சோதிக்கத் தக்கதாதல், முடிவுகள் தற்காலிகமானவையாதல், பொய்ப்பிக்கத் தக்கதாதல் என்பன அவை. மெய்யியலாளர் மைக்கேல் ரூசின் சாட்சியம் இவ்வரையறைக்கு அடிப்படையாக அமைந்தது. படைப்பு அறிவியல் இவற்றுள் எதனையும் நிறைவு செய்யவில்லை என்று கூறி, நீதிபதி அச்சட்டத்தை நீக்கினார்.

லூசியானாச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எட்வர்ட்ஸ் வழக்கு எனப்படும் அதில் நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் 72 பேர் சட்டத்திற்கு எதிராகக் கருத்துரை அளித்தனர். 1987ஆம் ஆண்டு சூன் 19 அன்று 7–2 என்னும் பெரும்பான்மையில் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. இந்நாள் அடுத்துவரும் பகுதியில் இன்றியமையாத இடம் பெறுகின்றது.

மெய்யியல் வரையறையின் வலுவும் வலுவின்மையும்

மக்லீன் தீர்ப்பைப் பரிணாமத்தை ஏற்கும் அறிஞருள்ளும் சிலர் குறை கூறினர். அவர்களுள் முதன்மையானவர் அறிவியல் மெய்யியலாளர் லாரி லாடன். படைப்பு அறிவியல் சோதிக்க இயலாதது என்று கூறுவது தவறு என்பது அவரது வாதம். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்பது சோதிக்கத்தக்க கூற்று. சோதிக்கப்பட்டுப் பொய் என நிறுவப்பட்டதும் ஆகும். அதனைச் ‘சோதிக்க இயலாதது’ என்று விலக்கினால், அது தோற்றுவிட்டது என்னும் உண்மையை நாமே மறைத்தவர்கள் ஆகிறோம் என்று அவர் எச்சரித்தார்.

இக்குறை எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. சட்டத்திற்குத் தேவையான வினா ‘இது சமயமா?’ என்பது. அறிவியலுக்குத் தேவையான வினா ‘இது உண்மையா?’ என்பது. அரசியலமைப்பு பொய்யைக் கற்பிப்பதைத் தடை செய்யவில்லை. அரசு சமயத்தை நிறுவுவதையே தடை செய்கின்றது. ஆதலால் நீதிமன்றம் ‘இது அறிவியல் அன்று, ஆகவே சமயம்’ என்னும் சுற்றுவழியில் செல்ல நேர்ந்தது. அவ்வழியின் முதற்படி, மெய்யியலாளர் இன்னும் ஒருமித்து ஏற்காத ஒரு வரையறையைச் சார்ந்திருந்தது. இவ்விடர்ப்பாட்டிற்கு வேறொரு வழி டோவர் வழக்கில் திறந்தது.

டோவர் வழக்கும் ஒரு பாடநூலின் வரைவுகளும்

பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் பள்ளி நிருவாகக் குழு 2004ஆம் ஆண்டு அக்டோபரில் 6–3 என்னும் வாக்குகளால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவருக்கு ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும். டார்வினின் கருத்து உறுதியான உண்மையன்று, அதில் இடைவெளிகள் உள்ளன, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் மாற்று விளக்கம் உண்டு, அதனை அறிய ‘பாண்டாக்களும் மக்களும்’ என்னும் நூலைப் பார்க்கலாம் என்பன அவ்வறிவிப்பின் செய்திகள். அறிவியல் ஆசிரியர்கள், அது தம் தொழில்நெறிக்கு முரணானது என்று கூறி வாசிக்க மறுத்தனர். நிருவாக அலுவலர்கள் வகுப்புக்கு வந்து வாசித்தனர். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர்.

அறிவார்ந்த வடிவமைப்பு என்பது, உயிர்களின் சிக்கலான அமைப்புகள் ஓர் அறிவுடைய காரணி இன்றித் தோன்றியிருக்க இயலாது என்னும் வாதம். அக்காரணி கடவுள் என்று அது வெளிப்படையாகக் கூறுவதில்லை. உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, பாக்டீரியாவின் கசையிழையில் ஓர் உறுப்பை நீக்கினாலும் அது இயங்காது. ஆகவே படிப்படியாக அது உருவாகியிருக்க இயலாது என்று வாதிட்டார். உயிரியலாளர் கென்னத் மில்லர் இதனை மறுத்தார். கசையிழையின் ஒரு பகுதியை ஒத்த அமைப்பு, சில பாக்டீரியாக்களில் புரதங்களைச் செலுத்தும் வேறொரு பணியைச் செய்கின்றது என அவர் காட்டினார். உறுப்புகள் வேறு பணிக்குப் பயன்பட்டுப் பின்னர் இணைந்திருக்கலாம் என்பதால் பீஹியின் முடிபு நிலைபெறவில்லை. மேலும், அறிவியல் கோட்பாட்டிற்குத் தாம் கூறும் விரிந்த வரையறையின்படி சோதிடமும் அதனுள் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் பீஹி ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

வழக்கின் திருப்புமுனை அறிவியல் சாட்சியத்தைக் காட்டிலும் நூல் ஒப்பீட்டில் அமைந்தது எனலாம். ‘பாண்டாக்களும் மக்களும்’ 1989இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. அதன் முந்தைய வரைவுகளை நீதிமன்ற ஆணையின் வழி வாதிகள் பெற்றனர். மெய்யியல் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை ஒப்பிட்டுச் சாட்சியம் அளித்தார். 1983 முதல் 1987 வரையிலான அவ்வரைவுகளின் தலைப்புகளே ‘படைப்பு உயிரியல்’, ‘உயிரியலும் படைப்பும்’, ‘உயிரியலும் தோற்றங்களும்’ என மாறி வந்திருந்தன. ஒப்பீட்டிலிருந்து நீதிபதி மூன்று முடிபுகளைப் பெற்றார்.

முதலாவது, முந்தைய வரைவுகளில் ‘படைப்பு’ என்பதற்குத் தரப்பட்ட வரையறையும் அச்சு நூலில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்பதற்குத் தரப்பட்ட வரையறையும் ஒன்றே. எழுவாய் மாறியது, பயனிலை மாறவில்லை. இரண்டாவது, ‘படைப்பு’ என்னும் சொல்லும் அதன் கிளைச்சொற்களும் ஏறத்தாழ 150 இடங்களில் திட்டமிட்டு மாற்றப்பட்டன. மூன்றாவது, அம்மாற்றம் 1987ஆம் ஆண்டின் எட்வர்ட்ஸ் தீர்ப்பை ஒட்டி நிகழ்ந்தது. 1987இன் இரு வரைவுகளுள் ஒன்று பழைய சொல்லையும் மற்றொன்று புதிய சொல்லையும் கொண்டிருந்தன.

இவற்றோடு ஒரு பிழையும் கிடைத்தது. பின்னைய 1987 வரைவில், படைப்புவாதிகளைக் குறிக்கும் ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நீக்கி, வடிவமைப்பின் ஆதரவாளர் எனப் பொருள்படும் ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’ என்னும் தொடரை இடுகையில், பழைய சொல் முழுமையாக அழியவில்லை. அதன் முதலெழுத்தான ‘சி’ முன்னும் ‘இஸ்ட்ஸ்’ என்னும் ஈறு பின்னும் எஞ்சி, ‘சிடிசைன் புரொபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்னும் பொருளற்ற சொல் உருவாகியிருந்தது.

பாடவேறுபாடு எவ்வாறு சான்றாகின்றது?

தமிழ்ப் பதிப்பியலில் பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படாமையும் எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமையும் பாடவேறுபாடுகளுக்குக் காரணமாயின. பல சுவடிகளில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வர். பொருள் தரும் பாடத்தைவிடப் பொருள் தராத பாடம் சில வேளைகளில் வலிய சான்றாகின்றது. ஏனெனில், பொருள் தரும் பாடத்தை யாரும் சிந்தித்து எழுதக்கூடும். பொருளற்ற பாடத்தை எவரும் வேண்டுமென்று எழுதார்.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஏடெழுதுவோர் பிழை நோக்கமின்றி நேர்வது. டோவர் வரைவுகளில் சொல்மாற்றம் நோக்கத்துடன் செய்யப்பட்டது; அதனிடையே நேர்ந்த பிழை மட்டும் நோக்கமின்றி நேர்ந்தது. ஆகவே, நோக்கமற்ற பிழையே நோக்கத்திற்குச் சான்றாயிற்று. நூலாசிரியர்கள் கடவுளை நம்பினர் என்பதை அது காட்டவில்லை. அதனை நிறுவுவது நீதிமன்றத்தின் வேலையும் அன்று. நீதிமன்றம் தடை செய்த ஒரு கருத்தே பெயர் மாற்றத்துடன் மீண்டும் வந்தது என்பதை மட்டுமே அது காட்டியது. வழக்கிற்குத் தேவைப்பட்டதும் அதுவே.

இச்சான்றுக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். ஒரு கருத்தின் பிறப்பு வரலாறு அதன் உண்மையைத் தீர்மானிக்காது. சமயத்தில் பிறந்த கருத்தும் உண்மையாக இருக்கக்கூடும் என்பது அத்தடை. இது தருக்க நெறிப்படி சரியே. கருத்தின் உண்மையைச் சோதிக்கக் கசையிழை குறித்த மில்லரின் மறுப்பைப் போன்ற அறிவியல் சான்றுகளே வேண்டும். ஆனால், அரசு எந்நோக்கத்துடன் ஒரு கருத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருகின்றது என்னும் சட்ட வினாவிற்குப் பிறப்பு வரலாறு நேரடியாகத் தொடர்புடையது. இவ்விரு வினாக்களையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றைத் தனித்தனியே காட்டியதே டோவர் வழக்கின் சிறப்பு.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவர்களால் நியமிக்கப்பெற்ற நீதிபதி மூன்றாம் ஜான் ஜோன்ஸ், 2005ஆம் ஆண்டு டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அன்று என்றும் அதனைப் படைப்புக் கருத்திலிருந்து பிரிக்க இயலாது என்றும் அவர் கூறினார். பரிணாமத்தில் காணும் குறை ஒவ்வொன்றும் வடிவமைப்புக்குச் சான்று என்று கொள்ளும் செயற்கையான இருமையையும் அவர் சுட்டினார். மூன்றாவது விளக்கத்திற்கு இடமே இல்லை என்பது போலக் கருதுவதே அவ்விருமையின் பிழை. தீர்ப்புக்கு முன்னரே, நவம்பர்த் தேர்தலில் போட்டியிட்ட பழைய குழு உறுப்பினர் எண்மரும் தோற்றனர். புதிய குழு மேல்முறையீடு செய்யவில்லை. வழக்குச் செலவாக மாவட்டம் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

தீர்ப்புக்குப் பின்

மேல்முறையீடு செய்யப்படாமையால் டோவர் தீர்ப்பு பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகவில்லை. அடுத்து வந்த சட்டங்கள் படைப்பையோ வடிவமைப்பையோ பெயர் சொல்லவில்லை. லூசியானா 2008இலும், ஸ்கோப்ஸ் வழக்கு நிகழ்ந்த டென்னசி 2012இலும் இயற்றிய சட்டங்கள், பரிணாமம், புவி வெப்பமாதல் முதலியவற்றைத் திறனாய்வு நோக்கில் விவாதிக்க ஆசிரியருக்கு இடமளிக்கின்றன. 2022இல் கென்னடி வழக்கில் உச்ச நீதிமன்றம், டோவர் தீர்ப்பு பின்பற்றிய ‘லெமன் சோதனை’ என்னும் அளவுகோலைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்தது. எட்வர்ட்ஸ் தீர்ப்பு நேரடியாக நீக்கப்படவில்லை எனினும், அது நிற்கும் நிலம் முன்போல் உறுதியாக இல்லை.

வகுப்பறையின் நிலை வேறொரு கவலையைத் தருகின்றது. மைக்கேல் பெர்க்மன், எரிக் புளூட்சர் ஆகியோர் 926 உயர்நிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியரிடம் மேற்கொண்ட கணக்கெடுப்பின் முடிவுகளை 2011இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் பரிணாமத்தை முறையாகக் கற்பித்தனர். 13 விழுக்காட்டினர் படைப்புக் கருத்தை ஆதரித்தனர். எஞ்சிய ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் சர்ச்சையைத் தவிர்க்கும் வகையில் பாடத்தைக் கடந்து சென்றனர். நீதிமன்றம் 13 விழுக்காட்டினரைக் கட்டுப்படுத்தலாம்; 60 விழுக்காட்டினரின் தயக்கத்தைப் போக்க எந்தத் தீர்ப்பாலும் இயலாது. அது ஆசிரியர் கல்வியால் நிகழ வேண்டியது. பாடத்தில் ஆழ்ந்த பயிற்சியும் தன்னம்பிக்கையும் உடைய ஆசிரியரே எதிர்ப்புக்கு நடுவில் கற்பிக்க முடியும். டோவர் ஆசிரியர்கள் அறிவிப்பை வாசிக்க மறுத்தமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முடிவுரை

படைப்புக் கருத்து தடைச்சட்டம், சமவாய்ப்புச் சட்டம், அறிவார்ந்த வடிவமைப்பு என மூன்று வடிவங்களை எடுத்தது. பின்னிரு வடிவங்களும் அவற்றிற்கு முந்தைய தீர்ப்புகளுக்கு ஏற்ப உருவானவை. ஆகவே, இவ்விவாதத்தின் சொல்லாட்சியை வழக்கு வரலாற்றோடு இணைத்தே படிக்க வேண்டும்.

‘எது அறிவியல்’ என்னும் வரையறையின்மீது மட்டும் கட்டப்பெற்ற தீர்ப்பு மெய்யியல் திறனாய்வுக்கு இடம் தந்தது. வரைவுகளை ஒப்பிட்டுப் பெற்ற சான்றோ அத்தகைய ஐயத்திற்கு இடம் தரவில்லை. சட்ட அளவுகோல்கள் மாறலாம். ஒரு நூலின் வரைவுகளில் நிகழ்ந்த சொல்மாற்றம் மாறாது. இலக்கியப் புலத்தில் வளர்ந்த பாட ஒப்பீட்டு முறை, பொதுவாழ்வின் வினா ஒன்றுக்கு விடை காணப் பயன்பட்டமை மொழி, இலக்கிய ஆய்வாளர் தம் கருவிகளை மீண்டும் மதிப்பிட்டுக்கொள்ளத் தூண்டுகின்றது.

கலைத்திட்டத்தில் மக்களுக்குப் பங்கில்லை என்பது இதன் பொருளன்று. எந்தப் பாடங்கள் வேண்டும், எவ்வளவு காலம் வேண்டும், அவற்றின் சமூகப் பயன் யாது என்பவற்றை மக்கள் தீர்மானிக்கலாம். ஒரு துறைக்குள் எது சான்றால் நிறுவப்பட்டது என்பதை வாக்கெடுப்பு தீர்மானிக்க இயலாது. இவ்வெல்லை காக்கப்படும்போதே, வகுப்பறையில் அமரும் மாணவர் தமக்குச் சொல்லப்படுவதை நம்பிக் கற்க முடியும்.